கல், கம்பி, கரன்ட்: வீட்டு மின்சூளையைப் பழுதுபார்ப்பது குறித்து

கும்மிடிப்பூண்டி லோக்கலில் வடக்கே போகிறவருக்கு வழியெல்லாம் நெருப்பை நம்பிப் பிழைக்கும் ஊர்கள். திருவொற்றியூரில் 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல், சாணைச் சக்கரங்களைச் சூளையில் சுட்டெடுக்கிறது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம். வண்டி கடைசியாக நிற்கும் கும்மிடிப்பூண்டியில், சிப்காட் வளாகத்துக்குள் பழைய இரும்பை இண்டக்‌ஷன் உலையில் 1600 டிகிரிக்குப் பக்கம் காய்ச்சி, கட்டடக் கம்பியாக இழுக்கிறார்கள். மேற்கே திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர் தொழிற்பேட்டை. 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த அம்பத்தூரிலோ சந்துக்குச் சந்து ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை. இரும்பு செக்கச் சிவப்பது இங்கே யாரும் நின்று பார்க்கிற வேடிக்கை இல்லை.

இதே வட்டாரத்தில் வீட்டுப் பின்கட்டில் பானை வனையும் ஒருவரின் சிறிய மின்சூளை 1000 டிகிரியில் முரண்டு பிடித்து நின்றுவிட்டால், யாரைக் கூப்பிடுவது என்பதற்கு மட்டும் விடை கிடைப்பதில்லை. தெரு எலெக்ட்ரீஷியனுக்கு அது பெரிய வாட்டர் ஹீட்டர். ஆலையில் உலை பார்க்கும் ஃபிட்டருக்கு அது விளையாட்டுச் சாமான். வைண்டிங் கடைக்காரர் எலிமென்டைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லுவார். அளவு கேட்டால் பழையதைப் போலவே சுற்றித் தருவதாகச் சொல்லுவார். சூளைக்காரருக்கு மண்ணும் மெருகும் தெரியும், ஓம் கணக்கு தெரியாது. ஆளுக்கு ஒரு துண்டு அறிவு இருக்கிறது, அதைச் சேர்த்து வைக்க ஆள் இல்லை. அதனால் சரிசெய்யக்கூடிய சூளைகள் காயலான் கடைக்குப் போகின்றன. தொடவே கூடாத சூளைகளில் ஆட்கள் கை வைக்கிறார்கள்.

இப்படிப்பட்ட சூளைகள் நம் வீடுகளுக்குள் எப்படி வந்தன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சென்னையில் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளி, இன்றைய எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி, ஆரம்பம் முதலே மண்பாண்டத்தில் சோதனைகள் செய்தது. மின்சாரத்தால் சுடுவதற்கு அப்போது வழி இல்லை, சூடு தாங்கும் கம்பியே பிறக்கவில்லை. நிக்கலும் குரோமியமும் சேர்ந்த நிக்ரோம் கம்பிக்கு ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்றது 1906-இல். இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றும் கலந்த காந்தல் கம்பியை உருவாக்கிய ஹான்ஸ் ஃபான் கான்ட்ஸோவ், சுவீடனில் 1931-இல் அதற்கென்று நிறுவனம் தொடங்கினார். சூளைக்குள் 1200 டிகிரியை வீட்டு மின்சாரத்திலேயே எட்டலாம் என்பது அதற்குப் பிறகு வந்த வசதி.

தமிழ்நாட்டில் இன்றைய ஸ்டூடியோ மண்பாண்டத்தின் ஊற்று புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. அங்கே விறகு நெருப்புக்குத்தான் மரியாதை. ஆனால் அங்கேயும் பிற இடங்களிலும் கற்றுக்கொண்டவர்கள் ஊருக்குள் குடிவந்து தொழில் வைத்தபோது, அடுத்த வீட்டு மாடியில் காயும் துணிமேல் புகை படியாமல் சுட வேண்டியிருந்தது. பள்ளிகளும் கைவினை வகுப்பு நடத்துகிறவர்களும் மின்சூளை வாங்கினார்கள். இன்னொரு வழியும் உண்டு. ஆலைகளும் பொறியியல் கல்லூரிகளும் தங்கள் சோதனைக்கூடத்து மஃபிள் ஃபர்னஸைக் கழிக்கும்போது அது ஏலத்தில் போய்க் கைமாறி வரும். மலிவாகக் கிடைத்தது என்று வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மஃபிளில் கம்பி பெரும்பாலும் உள்ளறையின் வெளிப்புறம் சுற்றப்பட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அறை சிறியது, சூடு விறுவிறுவென்று ஏறும். சாம்பல் சோதனைக்கு அந்த வேகம் நல்லது, ஈரம் முழுதாகப் போகாத குவளைக்கு எமன். பழுதானால் உள்ளறையையே உடைத்து எடுக்க வேண்டி வரும். வீட்டுப் பழுதுபார்ப்புக்குத் தோதானது, செங்கல் பள்ளத்துக்குள் சுருள் வெளியே தெரியக் கிடக்கும் பானைச் சூளைதான். இனி சொல்வதெல்லாம் அதைப் பற்றி.

சூளை சூடேறவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதலில் கம்பி போச்சு என்கிறார்கள். இந்த அவசரத்தைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். பழைய சூளைகளில் கம்பிக்கு முன்னால் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று இ.பி. தருகிற வோல்ட், மற்றது திருகு.

தகட்டில் 230 வோல்ட், 6 கிலோவாட் என்று போட்டிருக்கிறது, உள்ளே மூன்று மூன்று கிலோவாட்டில் இரண்டு எலிமென்ட் என்று வைத்துக்கொள்வோம். கோடை மாலையில் தெருவெங்கும் ஏ.சி. ஓடும்போது வோல்ட் 200-க்கு இறங்குகிறது. முப்பது வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் எலிமென்ட் தரும் சூடு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 200-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.756. ஆறு கிலோவாட் சூளை நாலரை கிலோவாட் ஆகிவிட்டது. 1000 டிகிரிக்கு மேலே போகப் போக, உள்ளே தரும் சூட்டில் பெரும்பங்கு சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் கசிந்து போய்விடும். மிச்சத்தை வைத்துத்தான் மேலே ஏற வேண்டும். அந்த மிச்சத்தைத்தான் லோ வோல்டேஜ் தின்றுவிடுகிறது. 1000 வரை ஒழுங்காகப் போய், 1100-இல் மணிக்கணக்காக முள் நகராத சூளையில் கம்பி நன்றாகவே இருக்கக்கூடும்.

இதைக் கண்டுபிடிப்பது ஒரு வகுத்தல் கணக்கு. சூளை முழு வேகத்தில் ஓடும்போது அதன் முனையில் உள்ள வோல்ட்டை அளக்க வேண்டும். ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது அளந்தால் நல்ல எண்தான் காட்டும், அதை நம்பிப் பயனில்லை. அதே நேரத்தில் டாங் டெஸ்டரை வயரில் மாட்டி ஆம்பியரைப் பார்க்க வேண்டும். மின்பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு முனைகளில் மீட்டர் பிடிப்பது பழகிய வயர்மேனின் வேலை. மூன்று கிலோவாட் எலிமென்ட் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். 230-ஐ 13-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17.7 ஓம். இப்போது டெஸ்டர் 11.3 காட்டுகிறது. குறைந்துவிட்டது, கம்பி கிழமாகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் வோல்ட்டைப் பார்த்தால் அது 200. 200-ஐ 11.3-ஆல் வகுத்தாலும் அதே 17.7. கம்பி நிரபராதி. அதற்குப் பதில், வோல்ட் 230 சுத்தமாக இருக்க ஆம்பியர் மட்டும் 11.5 என்றால் தடை 20 ஓமுக்கு ஏறியிருக்கிறது, சூடு எட்டில் ஒரு பங்கு போய்விட்டது, அது மூப்புதான். புதுக் கம்பியின் தடையைவிடப் பத்து சதவீதம் கூடினால் மாற்றும் காலம் வந்தது என்பது சூளைக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் அளவு. டெஸ்டர் பூஜ்யம் காட்டினால் கம்பியோ இணைப்போ அறுந்திருக்கிறது, அதில் குழப்பமே இல்லை.

லோ வோல்டேஜுக்கு மருந்து பெரும்பாலும் இரவுதான். பதினோரு மணிக்கு மேல் தெரு அடங்கியதும் கடைசி இருநூறு டிகிரியை ஏற்றுவது இந்தப் பக்கத்துச் சூளைக்காரர்களுக்கு இயல்பாக வருகிற உபாயம். தூக்கத்தைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் பழைய சூளையை ஓடவிட்டு யாரும் படுக்கப் போகக் கூடாது. ஸ்டெபிலைசர் வாங்கலாமே என்பார்கள். ஆறு கிலோவாட்டுக்கு அதற்கும் கணிசமான விலை கொடுக்க வேண்டும், தெருவில் வோல்ட்டும் இன்னும் இறங்கும்.

அடுத்தது திருகு. சூளையின் பக்கவாட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதைத் திறந்து பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். எலிமென்டின் வால் செங்கல்லைத் துளைத்து வெளியே வந்து, பித்தளைக் கனெக்டருக்குள் நுழைந்து, திருகால் இறுகியிருக்கும் இடம் அது. புதிதில் மஞ்சளாக இருந்த பித்தளை கருநீலமாக மாறியிருக்கும்; திருகின் தலை உளி வைத்தாலும் சுற்றாது; அதிலிருந்து போகும் வயரின் பி.வி.சி. உறை ஒரு விரல் நீளத்துக்கு உருகிக் கருகி, தொட்டால் பொடியாகக் கொட்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் முனை விரிந்து, ஆறும்போது சுருங்குகிறது. திருகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. தளர்ந்த இடத்தில் துரு படர்கிறது. அரை ஓம் தடை சேர்ந்தால் போதும். 13 ஆம்பியரில் அந்த ஒற்றைத் திருகிலேயே 84 வாட் எரியும். மூன்று சோல்டரிங் அயர்னைக் கட்டாகக் கட்டி உள்ளே செருகி வைத்தது போல. கும்மிடிப்பூண்டி, எண்ணூர், பழவேற்காடு பக்கம் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்கிறது. உப்பிலுள்ள குளோரின் பித்தளையையும் அரிக்கும், காந்தல் கம்பியைக் காக்கும் மேல்தோலையும் கெடுக்கும். கடலோர வீட்டில் தகரப் பெட்டியை வருஷத்துக்கு இரண்டு முறையாவது திறந்து பார்ப்பது வீண் வேலை ஆகாது.

சரிசெய்வது எளிது. கருகிய வயரை வெட்டி, செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை பின்னுக்குப் போக வேண்டும். அங்கே பி.வி.சி. வயர் கூடாது, அது 70 டிகிரிக்கு மேல் தாங்காது. கண்ணாடி நூலுறை அல்லது சிலிக்கான் உறை போட்ட ஹீட் வயர் வேண்டும். முனையில் லக் வைத்துக் கிரிம்ப் செய்ய வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் முதல் சுடுதலிலேயே வழிந்து போகும். கனெக்டரைப் புதிதாகவே போட்டுவிடலாம். இந்த வேலை மட்டும் முடித்து, ஒரு முழம் கம்பிகூட வாங்காமல் பழையபடி ஓடத் தொடங்கும் சூளைகள் உண்டு.

கம்பியே போய்விட்டது என்றால்தான் கணக்கு நீளும். வைண்டிங் கடையில் கையிருப்பில் இருப்பது பெரும்பாலும் நிக்ரோம். இஸ்திரிப் பெட்டிக்கும் ரூம் ஹீட்டருக்கும் அது போதும். நிக்ரோம் கம்பி 1200 டிகிரிக்குப் பக்கத்திலேயே மூச்சு வாங்கத் தொடங்கும். சூளைக்குள் காற்று 1200 என்றால் கம்பியின் உடம்பு அதைவிடச் சூடாக இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. காந்தல் ஏ-1 கம்பி 1400 வரை தாங்கும். அதிலுள்ள 6 சதவீத அளவு அலுமினியம் சூட்டில் மேலே வந்து ஆக்ஸைடு தோலாகப் படிந்து கம்பியைக் காக்கிறது. ஆளை மாற்றி ஆள் போட்டால் மின்கணக்கும் மாறிவிடும். காந்தலின் தடை நிக்ரோமைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். பழைய காந்தல் சுருளின் நீளத்தை அளந்து, அதே தடிமனில் அதே நீளத்துக்கு நிக்ரோம் சுற்றிக் கொடுத்தால் 13 ஆம்பியர் இழுக்க வேண்டிய எலிமென்ட் 17-ஐத் தாண்டும். எம்.சி.பி. விழும், அல்லது விழாமல் வயர் கருகும். பழையதைப் போலவே சுற்றித் தருவதாகச் சொன்னால் நீளத்தைப் போலவா, ஓமைப் போலவா என்று கேட்டுவிடுவது நல்லது.

தடிமன் இன்னொரு பொறி. 17.7 ஓம் வேண்டும், அவ்வளவுதான் என்று 1.6 மி.மீ. கம்பியைத் தேர்ந்தால் இருபத்துநாலரை மீட்டர் போதும், எடை 350 கிராம். அதே ஓமுக்கு 2 மி.மீ. கம்பி என்றால் 38 மீட்டர், 850 கிராம். கம்பி எடைக்கு விற்பதால் கை தன்னால் மெல்லியதன் பக்கம் போகும். ஆனால் மூன்று கிலோவாட்டையும் வெளியே தள்ள வேண்டிய மேற்பரப்பைப் பாருங்கள். மெல்லிய கம்பியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.4 வாட், தடித்ததில் 1.25 வாட். முன்னது சூளையின் சூட்டைவிட ரொம்பத் தூரம் மேலே போய் எரிந்துகொண்டிருக்கும், ஆயுள் சீக்கிரம் முடியும். 1200 டிகிரி வரை போகும் சூளையில் இந்த எண்ணை ஒன்றரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கூடுதல் அரைக் கிலோவுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

கம்பியைச் சுருளாக்க லேத் வேண்டும். அம்பத்தூரிலோ காக்களூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ லேத் பட்டறைக்குப் பஞ்சம் இல்லை. 10 மி.மீ. தண்டின் மேல் 2 மி.மீ. கம்பியை ஒட்டி ஒட்டிச் சுற்றினால் ஆயிரத்துச் சொச்சம் சுற்று வரும், சுருளின் நீளம் இரண்டு மீட்டர். சூளையின் உள்விட்டம் 45 செ.மீ., ஓர் எலிமென்டுக்கு நாலு வரிசைப் பள்ளம் என்றால் மொத்தம் ஐந்தரை மீட்டருக்கு மேல். அந்த அளவுக்குச் சுருளை இழுத்து விரிக்க வேண்டும். ஒரே இழுப்பில் இழுத்தால் நடுவில் அகலமாகவும் ஓரத்தில் நெருக்கமாகவும் வரும். நெருங்கிய இடம்தான் முதலில் வெந்து அறும். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, விட்டு, அளந்து, திரும்ப இழுக்க வேண்டும். வால் பகுதியில் கம்பியை இரட்டையாக மடக்கி முறுக்கி விடுவது கட்டாயம். செங்கல்லுக்குள் புதைந்து போகும் அந்த அரை அடிக்குச் சூட்டை இறக்கிவைக்க இடம் கிடையாது, ஒற்றைக் கம்பியாக விட்டால் சுவருக்குள்ளேயே அறுந்துவிடும். இதைச் சொல்லாவிட்டால் கடையில் ஒற்றையாகத்தான் விடுவார்கள்.

ஒரு முறை சுட்ட காந்தல் கம்பி அப்பளம். குளிர்ந்த நிலையில் வளைத்தால் முறியும். பள்ளத்திலிருந்து வெளியே சரிந்து தொங்கும் பழைய சுருளை விரலால் உள்ளே தள்ளப் பார்த்து நல்ல எலிமென்டை உடைத்தவர்கள் ஏராளம். இணைப்பை முழுதாகத் துண்டித்துவிட்டு, சின்ன கேஸ் டார்ச்சால் அந்த இடத்தை மட்டும் செம்மை ஏறும்வரை சூடாக்கி, மூக்குக் குறட்டால் மெல்ல நகர்த்தி, காந்தல் துண்டில் செய்த ஊசியைச் செங்கல்லில் குத்தி நிறுத்த வேண்டும். ஒன்று போனால் எல்லாவற்றையும் மாற்றுவதா என்றால், மற்றவை பாதி வயதுக்காரர்களாக இருந்தால் விட்டுவைக்கலாம். மூப்படைந்தவை என்றால் மொத்தமாக மாற்றிவிடுவதே மலிவு. புது எலிமென்ட் போட்டதும் பானையை அடுக்கிவிடக் கூடாது. வெறும் சூளையை 1050 டிகிரிக்கு ஏற்றி ஏழு மணி நேரமாவது நிறுத்தினால்தான் அந்தக் காப்புத் தோல் முழுதாகப் படியும்.

செங்கல் வேலை கையோடு கற்றுக்கொள்ளக்கூடியது. நான் பார்த்தவரை அதில்தான் வீட்டுக்காரர்கள் தேர்ந்தும் விடுகிறார்கள். மின்சூளைச் செங்கல் வீடு கட்டும் செங்கல் அல்ல. நுண்ணிய துளைகள் நிறைந்து, நகத்தால் கீறினால் மாவாக உதிரும் இன்சுலேஷன் பிரிக். 23 என்ற எண் போட்டது 1260 டிகிரிக்கு, 26 என்றால் 1430-க்கு. பள்ளத்தின் உதடு உடைந்து விழுவது சகஜம். உடைந்த இடத்தை மட்டும் அறுத்து, அதே ரகச் செங்கல்லில் துண்டு செதுக்கி, மெல்லிய பூச்சாகக் காரை தடவி ஒட்ட வேண்டும். இங்கே இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு சபலம் உண்டு. இரும்பாலை உலைக்கு வாங்கிய சிலிக்கா ரேமிங் மாஸோ காஸ்டபிளோ அரை மூட்டை மிச்சமாகக் கிடைக்கும், யாராவது சும்மாவே தருவார்கள். அதை எலிமென்ட் பள்ளத்தில் பூசினால் தொலைந்தது. உயர் சூட்டில் காந்தல் கம்பி தொடும் கல்லில் அலுமினா குறைந்தது 45 சதவீதமும் இரும்பு ஆக்ஸைடு ஒரு சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். சிலிக்காவும் இரும்புப் புள்ளியும் கம்பியின் தோலைத் தின்னும். சோடியம் சிலிகேட் கலந்த ஒட்டும் காரையும் கம்பியில் படக் கூடாது. பள்ளத்தில் சொட்டி உறைந்த மெருகைச் சுரண்டி எடுக்காவிட்டால் அடுத்த சுடுதலில் அது உருகிக் கம்பியோடு ஒட்டிக் கொள்ளும்.

மழைக்காலத்தில் இந்தச் செங்கல் பஞ்சாகத் தண்ணீர் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மூடிக் கிடந்த சூளையை மார்கழியில் போட்டவுடன், மின்கசிவில் அறுக்கும் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால் ஈரம்தான் காரணமாக இருக்கும். குறைந்த சூட்டில் ஒரு நாள் காயவிட்டால் சரியாகும். அதே கருவி 1000 டிகிரிக்கு மேல் மட்டும் விழுந்தால் கதை வேறு. செங்கல் கொதிசூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். சரிந்த சுருள் தகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டிலும் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக இணைத்துவிடுவது இந்த நாட்டில் எல்லா வயர்மேனும் அறிந்த குறுக்குவழி. 30 மில்லியாம்பியரில் விழும் அந்தக் கருவிதான் சூளைக்கும் பிணவறைக்கும் நடுவில் நிற்பது. கைப்பிடி தகரம், தரை ஈரம், எர்த் கம்பி எப்போதோ துருப்பிடித்து அறுந்தது, இப்படி எல்லாம் சேர்ந்தே இருக்கும் பின்கட்டுகள் நமக்குத் தெரிந்தவை.

வெப்பமானியைப் பற்றிச் சுருக்கமாக. கே வகைத் தெர்மோகப்பிள் மலிவு. 1000-க்கு மேல் அடிக்கடி ஓடினால் மெல்ல மெல்லத் தப்பான எண் காட்டும். அதன் இரு கம்பிகளை மாற்றி இணைத்தால் சூடு ஏற ஏற கன்ட்ரோலரில் எண் இறங்கும், கன்ட்ரோலரோ பத்தவில்லை என்று மேலும் மேலும் கரன்ட் கொடுக்கும். சிவப்பு என்றால் பிளஸ் என்பது நம் கைப்பழக்கம், அமெரிக்க முறையில் வந்த தெர்மோகப்பிளில் சிவப்புதான் மைனஸ். கன்ட்ரோலரும் ரிலேயும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே கெடும், அதாவது சூளை அணையாது. அதற்கு முன்னால் தனியாக ஒரு கான்டாக்டர் போட்டு, மேல் எல்லை தாண்டினால் அறுத்துவிடும்படி வைக்க வேண்டும். எந்த மீட்டர் இருந்தாலும் பானைக்குப் பக்கத்தில், சூட்டில் வளைந்து சாயும் கூம்பான கோன் ஒன்றை வைப்பது நல்லது. ஜெர்மனியின் ஹெர்மன் ஸேகர் 1886-இல் கொண்டுவந்தது, அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் 1896-இல் தொடர்ந்தது. ஆறாம் எண் கோன் 1220 டிகிரியை ஒட்டிச் சாயும். சூடும் நேரமும் சேர்ந்து மண்ணில் என்ன வேலை செய்தன என்பதை அது காட்டும், மீட்டர் காட்டாது.

எதை யார் செய்யலாம் என்பதில் என் கட்சி இது. சுருளும் செங்கல்லும் பொறுமையுள்ள வீட்டுக்காரர் செய்யலாம், மெயினை இறக்கிப் பூட்டிவிட்டு. மெயினிலிருந்து தகரப் பெட்டி வரை உள்ளது உரிமம் பெற்ற வயர்மேனுக்கு. காரணம் திறமை மட்டும் அல்ல. பழைய சூளைகளில் ஒற்றை ஸ்விட்ச்சே இருக்கும்; முன்பு யாரோ பழுதுபார்த்தபோது அது பேஸிலிருந்து நியூட்ரலுக்கு இடம் மாறியிருந்தால், அணைத்த பிறகும் சுருளில் 230 வோல்ட் உயிரோடு இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அறுக்கும் ஸ்விட்ச்சும், மூடி திறந்தால் தானே அணையும் லிமிட் ஸ்விட்ச்சும் இல்லாத சூளையில் முதல் செலவு அவற்றுக்குத்தான்.

இ.பி. கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒருமுனை இணைப்பு 4 கிலோவாட் வரைதான். ஆறு கிலோவாட் சூளைக்கு மும்முனை வேண்டும். மும்முனை வந்ததும் இரண்டு எலிமென்டையும் இரண்டு பேஸில் பிரித்துப் போடுவது வழக்கம். அப்போது சூளைக்குள் இரண்டு சுருளுக்கும் நடுவே 400 வோல்ட் நிற்கும் என்பதை வெளியே எழுதி ஒட்ட வேண்டும். பில்லைப் பார்த்தால், நடுத்தரச் சூளை ஒரு சுடுதலுக்கு நாற்பது யூனிட் போல இழுக்கும். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால்தான் வலி. 2022 செப்டம்பர் திருத்தத்தில் 500-க்கு மேல் யூனிட் 8 ரூபாயில் தொடங்கி ஆயிரத்துக்கு மேல் 11 ரூபாய் ஆனது, பிறகு இன்னும் கூடியது. சுட்டதை விற்கிறவர்கள் வீட்டு இணைப்பிலேயே ஓட்டுவது விதிமீறல். குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கென்று 12 கிலோவாட் வரை தனிக் கட்டணப் பட்டியல் இருக்கிறது, அதற்கு மாறிக்கொள்வதே நிம்மதி.

கைவிட வேண்டிய சூளைகளும் உண்டு. மின்பெட்டிக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் நார் தெரியும் கெட்டி அட்டையோ, கதவைச் சுற்றி வெள்ளைக் கயிறோ இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக் கூடும். கூரை ஷீட்டாக ஊரெல்லாம் பார்த்துப் பழகியதால் நமக்கு அதன்மேல் பயம் விட்டுப்போயிற்று. அதைச் சுரண்டவோ துளைக்கவோ கூடாது. பதிலுக்குப் போடும் செராமிக் ஃபைபரும் சாது அல்ல. ராணிப்பேட்டையிலேயே தயாராவதால் சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2பி வகையில், அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. நெடுநாள் சூட்டில் வெந்த ஃபைபர் பகுதி பகுதியாகக் கிரிஸ்டோபலைட் ஆகிறது, அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகையைச் சேர்ந்த சிலிக்கா. ஈரமாக்கி, என்95 முகமூடி போட்டு, குழந்தைகள் இல்லாத நேரத்தில் கழற்ற வேண்டும். அடிச்சட்டம் துருவேறி மூடி உட்காராத சூளை, பாதிக்கு மேல் பள்ளம் இடிந்த சூளை, தகடே இல்லாமல் வாட்டும் வோல்ட்டும் தெரியாத மஃபிள், இவற்றில் காசு போடுவது வீம்பு.

இத்தனைக்கும் அறிவு ஊரில் இல்லாமல் இல்லை. கல்கத்தாவில் 1950-இலேயே மத்திய கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிலையம் வந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிலகம் இருக்கிறது. இரண்டு நாள் மின்சூளைப் பராமரிப்பு வகுப்பு நடத்த அதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு தளம் திறந்தது. செல்போன், கார், டிராக்டர், வீட்டுச் சாமான் என்று நான்கு துறைகளோடு அது நின்றது. சூளை செய்கிறவர்களிடம் கேட்க வேண்டியது மிகச் சிறியது: தகட்டில் வாட்டோடு சேர்த்து ஒவ்வொரு எலிமென்டின் ஓம், கம்பி ரகம், தடிமன் மூன்றையும் பொறித்துவிடுங்கள். அது இருந்தால் காக்களூர் லேத்காரரே மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார். இல்லாத சூளை வைத்திருப்பவர், அது நன்றாக ஓடும் காலத்திலேயே ஒரு முறை வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து, வகுத்து, தகரப் பெட்டி மூடியின் உட்புறம் ஆணியால் கீறி வைத்துவிடலாம். காயலான் கடைக்கு அனுப்புகிறவரும், எடைக்குப் போடும் முன், உடையாத செங்கல்லையும் ஷெல்ஃபையும் முட்டுக்கால்களையும் பீங்கான் கனெக்டர்களையும் கழற்றி வைத்துக்கொள்ளட்டும். அந்தச் சாமான்களைத் தேடி இன்னொரு சூளைக்காரர் வருவார். இரும்புக்கடைக்காரருக்கு அவை வெறும் குப்பை.